வகுப்பறையில் இடைவெளி விட்டுத் திருப்புதல்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயிற்சிக் கூட்டத்திலும், ஆசிரியர் அறையிலும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் சக ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இடைவெளி விட்டுத் திருப்புதல்னா என்ன? நாம வழக்கமா நடத்துற ரிவிஷன்தானே?

பாதி அதுதான். நம் வழக்கப்படி பாடத்தை எல்லாம் முதலில் நடத்தி முடிக்கிறோம். ஜனவரியில் முதல் திருப்புதல் தேர்வு, இரண்டாம் திருப்புதல் தேர்வு என்று வரிசையாக வைக்கிறோம். ஜூன் மாதம் நடத்திய இயக்க விதிகளைப் பிள்ளைகள் நடுவில் தொட்டிருந்தால் அது காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் முந்தைய இரவாகத்தான் இருக்கும். அந்த வேலையையே ஆண்டு முழுவதும் சிறு சிறு துண்டாகப் பிரித்துப் போடுவதுதான் இடைவெளி விட்டுத் திருப்புதல். இன்று நடத்தியதை நாளை ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை தொட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நிமிடம் போதும்.

மீதிப் பாதிதான் புதிது. திருப்பும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். பார்த்துப் படிப்பது கணக்கில் சேராது. நினைவிலிருந்து தேடி எடுக்க வேண்டும்.

ஒரே நாள்ல பத்துத் தடவை படிச்சாலும், நாலு நாள் பிரிச்சுப் படிச்சாலும் பத்து பத்துதானே?

இல்லை. இதை முதலில் எண்ணிப் பார்த்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்காஸ். அர்த்தமில்லாத அசைகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பழகினால் மறுநாள் என்ன பலன் கிடைத்ததோ, அதே பலன் மூன்று நாளுக்குப் பிரித்து 38 முறை சொன்னபோதே கிடைத்துவிட்டது. உழைப்பில் கிட்டத்தட்ட பாதி மிச்சம்.

காரணத்தை நம் வகுப்பிலேயே பார்க்கலாம். இப்போதுதான் சொன்ன வரையறையை உடனே திருப்பிச் சொல்லச் சொன்னால் பிள்ளை காதில் நிற்பதை அப்படியே ஒப்பித்துவிடும். மூளைக்கு அதில் வேலையே இல்லை. மூன்று நாள் கழித்துக் கேட்டால் கண்ணை மேலே உயர்த்தி, உதட்டைக் கடித்து, தேடி எடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தேடல்தான் பதிய வைக்கிறது. ஆகவே, கொஞ்சம் மறந்திருப்பது நல்லதே.

திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னா போதாதா? எதுக்குக் கேள்வி கேட்கணும்?

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் இதைத்தான் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்வது, “நேத்து ராத்திரி என்கிட்ட எல்லாம் கரெக்டா ஒப்பிச்சா டீச்சர், பரீட்சையில எப்படி விட்டா?” என்பது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் நன்றாகத்தான் நின்றது. ஒரு வாரத்துக்கு அது தாங்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, நாளைக்கு வகுப்புக்குப் போய் நான் என்ன செய்யணும்?

என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். நான் உள்ளே போகும்போதே கரும்பலகையின் இடது ஓரத்தில் நான்கு கேள்விகள் இருக்கும். வகுப்புத் தலைவி எழுதி வைத்துவிடுவாள். மின்னோட்டவியல் நடக்கும் ஒரு நாளில் அவை இப்படி இருந்தன. நேற்றைய பாடத்திலிருந்து: ஓம் விதியைச் சொல். போன வாரத்திலிருந்து: அழுத்தம் மாறாதபோது வாயுவின் பருமனுக்கும் வெப்பநிலைக்கும் என்ன தொடர்பு? போன மாதத்திலிருந்து: கிட்டப்பார்வைக்கு எந்த லென்சு, ஏன்? முதல் பாடத்திலிருந்து: நியூட்டனின் இரண்டாம் விதியைச் சமன்பாடாக எழுது.

ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லோரும் எழுத வேண்டும். புத்தகமும் பேச்சும் கிடையாது, மூன்று நிமிடம். பிறகு இரண்டு நிமிடத்தில் நான் விடையைச் சொல்வேன், அவரவர் நோட்டை அவரவரே திருத்திக்கொள்வார்கள். உடனே அன்றைய பாடம்.

“எல்லோரும் எழுத வேண்டும்” என்பதை விட்டுவிடாதீர்கள். கை தூக்கிய ஒருவனை எழுப்பிக் கேட்டால், அந்த ஒருவன்தான் நினைவைத் தேடியிருப்பான். மற்றவர்கள் அவன் சொன்ன விடையைக் கேட்டிருப்பார்கள். அன்று மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் கிட்டப்பார்வைக்கு “குவி” என்று எழுதினாள். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை, யோசித்தாள். ஓரத்தில் சின்னதாக ஒரு கண் வரைந்தாள். இரண்டு கோடுகள் விழித்திரைக்கு முன்னாலேயே ஒன்று சேருகிற மாதிரி இழுத்தாள். “குவி”யை அடித்துவிட்டு “குழி” என்று எழுதினாள். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் இரண்டு பாடவேளை நடத்தியதைவிட அந்த ஒரு நிமிடத்தில் அவள் கற்றது அதிகம் என்றே நினைக்கிறேன்.

எத்தனை நாள் இடைவெளி விடணும்?

தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. செப்பெடா முதலான ஆய்வாளர்கள் 2008இல் 1,350 பேருக்கும் மேல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் சோதனை என்றால் ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்துச் சோதனை என்றால் மூன்று வாரம் அளவுக்கு விட வேண்டியிருந்தது. ரொம்ப நெருக்கமாகத் திருப்புவதால் வரும் நட்டம், கொஞ்சம் தள்ளிப்போவதால் வரும் நட்டத்தைவிடப் பெரிது என்பதும் அதில் தெரிந்தது.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் விளையாட்டு விழாவோ மழை விடுமுறையோ வந்து நான்கு நாள் தள்ளிப்போனால் எதுவும் கெட்டுவிடாது. தேதியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

போர்ஷனே முடியலை மேடம். இதுக்கு நேரம் எங்க?

எல்லோரும் கேட்பது இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 45 நிமிடப் பாடவேளையில் ஐந்து நிமிடம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு.

முதல் ஆண்டு நான் ஆகஸ்டு முடிய மூன்று பாடவேளை பின்தங்கித்தான் இருந்தேன். பயமாகவும் இருந்தது. ஆனால் பாடம் தொடங்கும் முன் “போன வகுப்பில் என்ன பார்த்தோம்” என்று நானே பேசிக்கொண்டிருந்த நேரம் மிச்சமானது. அதைத்தான் இந்த ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. பிறகு மின்னோட்டவியலுக்கு வந்தபோது இன்னொன்றையும் கவனித்தேன். முந்தைய ஆண்டுகளில் கணக்கீடு போடும்போதெல்லாம் ஆம்பியர் எது, வோல்ட் எது என்று திரும்பத் திரும்ப நிறுத்துவேன். இந்த முறை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. பின்தங்கிய மூன்று பாடவேளையும் அரையாண்டுக்குள் திரும்பக் கிடைத்துவிட்டன.

அப்படியும் நெருக்கடி என்றால் நான்கு கேள்வியை இரண்டாகக் குறையுங்கள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் செய்யுங்கள். அடியோடு நிறுத்த மட்டும் வேண்டாம்.

இது ஸ்லிப் டெஸ்ட்தானே? மார்க் போட்டா பிள்ளைங்க ஒழுங்கா படிப்பாங்களே?

மார்க் போடாதீர்கள். போட்ட நாளிலிருந்து பக்கத்து நோட்டைப் பார்ப்பது தொடங்கிவிடும். பார்த்து எழுதியவன் நினைவைத் தேடவே இல்லை. ஆக, நாம் செய்ய நினைத்த வேலையே நடக்காது. ஐம்பது நோட்டுத் திருத்தும் சுமை வேறு நம் தலையில் ஏறும். அந்தச் சுமையால் இதைப் பாதியில் விட்ட நல்ல ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்க் இல்லாத சின்னச் சின்னக் கேள்விகள் பயத்தையும் குறைக்கின்றன. அமெரிக்காவில் பூஜா அகர்வாலும் உடன் இருந்தவர்களும் இந்த முறையில் படித்த பள்ளி மாணவர்கள் சுமார் 1,400 பேரைக் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், 72 சதவீதம் பேர் தேர்வு குறித்த பதற்றம் குறைந்தது என்றார்கள். தினமும் நாலு கேள்வியைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு வினாத்தாள் புதுப் பொருளாகத் தெரிவதில்லை.

பாதிப் பேர் வெறும் தாளோட உட்கார்ந்திருக்காங்களே, மெல்லக் கற்கும் பிள்ளைங்களுக்கு இது தண்டனை ஆகிடாதா?

ஆகலாம், கவனிக்காவிட்டால். பாதி வகுப்புக்கு விடை வரவில்லை என்றால் அது எனக்கு வந்த செய்தி. நான் சரியாக நடத்தவில்லை, அல்லது இடைவெளி அதிகமாகிவிட்டது. அன்று அந்தப் பகுதியை மறுபடி நடத்திவிட்டு, அந்தக் கேள்வியை மறுநாளைக்கே கொண்டுவந்துவிடுவேன். நடத்திப் புரியாததைத் திருப்ப முடியாது.

ஒரு சில பிள்ளைகள் மட்டும் தடுமாறினால் பிடி கொடுங்கள். “அழுத்தம் மாறாதபோது, பருமன் ______க்கு நேர்த்தகவில் இருக்கும்” என்று பாதி விடையைப் பலகையில் எழுதுவேன். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியில் பாதியை அழித்துவிடுவேன். நான்கு கேள்வியில் ஒன்றாவது வகுப்பில் எல்லோருக்கும் நிச்சயம் தெரிந்ததாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வெறும் தாளோடு உட்கார்ந்திருந்த ஒரு பையன் தொடர்ந்து இரண்டு வாரம் ஒரு விடையாவது சரியாக எழுதினான். மூன்றாவது வாரம் நான் வருவதற்கு முன்பே நோட்டைத் திறந்து வைத்திருந்தான். அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போதும் சொல்லி முடியாது.

தப்பா எழுதினா அந்தத் தப்பே மனசுல பதிஞ்சிடாதா?

விடையைச் சொல்லாமல் விட்டால் பதியும். அதனால்தான் அந்தக் கடைசி இரண்டு நிமிடம். மணி அடித்துவிட்டது, நாளைக்குச் சொல்கிறேன் என்று போகக்கூடாது. உடனே திருத்தினால் கவலை இல்லை. சொல்லப்போனால், “இதுதான் சரி” என்று உறுதியாக நம்பி எழுதிய தவறைத் திருத்தும்போது அந்தத் திருத்தம் இன்னும் நன்றாக நிற்கிறது என்று 2001இல் பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். வியப்புதான் அங்கே உதவுகிறது.

ஒரு மார்க் கேள்விக்கு ஒத்துவரும். கணக்குக்கு எப்படி?

கணக்குக்குத்தான் இது இன்னும் தேவை. பயிற்சி 2.5 முழுவதும் கூட்டுத்தொடர் என்றால், பிள்ளை கேள்வியைப் படிக்காமலேயே சூத்திரத்தைப் போட்டுவிடும். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையே அதில் இல்லை. பொதுத்தேர்வில் பக்கத்தின் மேலே “கூட்டுத்தொடர்” என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு வகை வகையாகப் பயிற்சி செய்தது; மற்றொரு குழு கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழு 89 சதவீதம் சரியாகச் செய்தது, கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. கலந்து செய்த குழு 63இல் நின்றது.

எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர் இதைக் கேட்டபின் வீட்டுப்பாடத்தை மாற்றினார். இன்றைய பயிற்சியிலிருந்து மூன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. எண்ணிக்கை அதே ஐந்துதான். அறிவியலில் குவிலென்சு, குழிலென்சு போல ஒன்றோடொன்று குழம்பும் எதற்கும் இதே முறையில் கலந்து கேளுங்கள்.

மனப்பாடக் கல்வி வேண்டாம்னு சொல்றோம். இது மனப்பாடத்தை வேற வழியில கொண்டுவர்றது இல்லையா?

புரியாமல் ஒப்பிப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம். புரிந்ததை மறக்காமல் வைத்திருப்பது வேறு. மூன்றாவது பெஞ்சுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் ஒரு சொல்லை ஒப்பிக்கவில்லை, ஒளிக்கதிர் எங்கே குவிகிறது என்று வரைந்து கண்டுபிடித்தாள். கேள்வியில் “ஏன்” என்று ஒரு சொல் சேர்த்ததால் அது நடந்தது. “எந்த லென்சு” என்று மட்டும் கேட்டிருந்தால் ஐம்பதுக்கு ஐம்பது ஊகமாகவே முடிந்திருக்கும்.

நம் மரபும் இதைச் சொல்லியிருக்கிறது. மாணவன் நூலைப் பயிலும் முறையைச் சொல்லும் இடத்தில் பவணந்தி முனிவரின் நன்னூல் “கேட்டவை நினைத்தல்” என்பதையும், “வினாதல், வினாயவை விடுத்தல்” என்பதையும் சேர்த்தே வைக்கிறது. கேட்டதை நினைத்துப் பார்க்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். நான் பலகையின் ஓரத்தில் செய்வது அதைத்தான்.

இதுக்கு ஆப் இருக்காமே? பிள்ளைங்க கையில போன் இல்லையே, அட்டை போதுமா?

போதும். இந்த முறையே அட்டையில் வளர்ந்ததுதான். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972இல் அட்டைப் பெட்டி முறையைப் பரப்பினார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். கணினியில் 1987இல் போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக் சூப்பர்மெமோ என்ற மென்பொருளை உருவாக்கினார். இன்று பலர் பயன்படுத்தும் ஆங்கி (Anki) என்ற ஆப் 2006இல் வந்தது. போன் வைத்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கியைத் தாராளமாகச் சொல்லலாம். அது ஒவ்வொருவரின் மறதிக்கும் ஏற்றபடி நாள் குறிக்கும்.

என் மேசையில் மூன்று ஸ்வீட் பெட்டிகள் இருக்கின்றன: நாளை, வாரம், மாதம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் கேள்வி எழுதியிருக்கிறோம். ஒரு கேள்விக்கு வகுப்பில் பெரும்பாலோர் சரியாக எழுதினால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், இல்லையென்றால் “நாளை”க்கே திரும்பும். கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்வேன். “மாதம்” பெட்டியிலும் மூன்று முறை தேறிய அட்டையை ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கிவிடுவேன். அதனால் ஆண்டுக் கடைசியிலும் கேள்விகள் குவிவதில்லை. அடுத்த நாளுக்கான நான்கு அட்டைகளை எடுத்து வைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகும்.

பிள்ளைங்களே சொல்றாங்க, “மொத்தமா படிச்சாத்தான் மிஸ் நிக்குது”ன்னு. அவங்களுக்குத் தெரியாதா?

அப்படித் தோன்றுவது இயல்பு. 2009இல் நேட் கோர்னெல் செய்த ஆய்வில் இடைவெளி விட்டுப் படித்தது பத்தில் ஒன்பது பேருக்கு அதிகப் பலன் தந்தது. ஆனால் படித்து முடித்த கையோடு கேட்டபோது 72 சதவீதம் பேர் மொத்தமாகப் படித்ததுதான் உதவியது என்றார்கள். அதற்கு முன் 1978இல் பேட்லியும் லாங்மேனும் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்களே மொத்தத்தில் குறைந்த மணி நேரத்தில் கற்றார்கள். பயிற்சியில் குறைந்த திருப்தி கொண்டவர்களும் அவர்களேதான்.

பிள்ளைகளிடம் வாதாட வேண்டாம், காட்டிவிடுங்கள். நான் பத்துத் தனிமங்களின் குறியீடுகளை ஒரே நாளில் படிக்க வைத்தேன், வேறு பத்தை நான்கு நாளுக்குப் பிரித்தேன். இரண்டு வாரம் கழித்து இருபதையும் கேட்டேன். தங்கள் நோட்டில் தாங்களே எண்ணிப் பார்த்தபின் அந்தப் பேச்சு குறைந்தது.

இதெல்லாம் காலேஜ் ஆய்வுதானே? பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட யாராவது செஞ்சிருக்காங்களா?

செய்திருக்கிறார்கள். 1939லேயே ஹெர்பர்ட் ஸ்பிட்சர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 3,605 ஆறாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு, படித்த உடனே ஒருமுறை நினைவிலிருந்து எடுத்தவர்கள் பிறகு குறைவாக மறக்கிறார்கள் என்று காட்டினார். 2011இல் கனடாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிய சொற்களைக் கற்பித்து, ஐந்து வாரம் கழித்துச் சோதித்தார்கள். இரண்டு முறையும் அடுத்தடுத்துப் படித்தபோது 7.5 சதவீதம் நினைவிருந்தது; ஒரு வாரம் விட்டுப் படித்தபோது 20.8.

இருபது குறைவுதானே என்று கேட்பீர்கள். இரண்டே முறை படித்ததற்கு அவ்வளவுதான் கிடைக்கும். ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதைப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது முறை ஏன் தேவை என்பதற்கும் இதுவே பதில்.

பொதுத்தேர்வுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. இப்போ ஆரம்பிச்சா பயன் உண்டா?

உண்டு. இடைவெளியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்: நான்கைந்து நாளுக்கு ஒருமுறை என்று வையுங்கள். எல்லாப் பாடத்தையும் எடுக்காதீர்கள். புக் பேக் வினாக்களில் பிள்ளைகள் வழக்கமாக விடும் முப்பது நாற்பதைப் பொறுக்கி, காலைச் சிறப்பு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் கேளுங்கள். அந்த வகுப்புகளில் “படி” என்று சொல்லிவிட்டு நாம் மேற்பார்வை மட்டும் செய்கிறோமே, அந்த நேரத்தையே பயன்படுத்தலாம்.

லீவு முடிஞ்சு ஜூன்ல வந்தா எல்லாமே சுத்தமா மறந்துபோயிருக்கே. அப்போ இவ்வளவு பாடும் வீண்தானே?

வீணில்லை. எபிங்காஸ் தன்னைச் சோதித்ததும் இப்படித்தான்: எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்காமல், மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரே முறை கற்ற அசைகளில் 31 நாள் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு வேலை மிச்சமானது, அவை அர்த்தமே இல்லாத அசைகளாக இருந்தும்கூட. நம் பிள்ளைகள் அர்த்தமுள்ள பாடத்தை ஐந்தாறு முறை நினைவிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளைகளே பத்தாம் வகுப்புக்கும் வந்தால், ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கிய அந்த அட்டைக் கட்டை ஜூன் முதல் வாரத்தில் பிரிப்பேன். முதல் நாள் முக்கால்வாசிப் பேர் பேனாவை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். விடையைச் சொல்வேன். “ஐயோ மிஸ், தெரியும் மிஸ்” என்று பெஞ்சு பெஞ்சாகச் சத்தம் வரும். வியாழக்கிழமை அதே அட்டைகளைக் கேட்கும்போது பெரும்பாலோர் எழுதிவிடுவார்கள். அன்றே அவை “வாரம்” பெட்டிக்குப் போய்விடும்.